நர்ஸ் வைத்தியம் பார்க்கலாம், ஆனால் இன்சூரன்ஸ் பட்டியலில் அவர் பெயர் ஏன் இல்லை?

கம்பத்துக்காரத் தம்பி ஒருவர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய தங்கச்சி அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் (மேல்படிப்பு படித்து, தானே நோயைக் கண்டு மருந்து எழுதும் நர்ஸ்) படிப்பை முடித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸும் வாங்கிவிட்டார். கூடப் படித்த இன்னொரு நர்ஸோடு சேர்ந்து சின்னதாக ஒரு கிளினிக் திறந்திருக்கிறார். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, "நர்ஸோடு நேரடியாக ஒப்பந்தம் போடுவதில்லை, மேற்பார்வை டாக்டரின் பெயரைக் கொடுங்கள்" என்று பதில் எழுதியிருக்கிறது. "லைசென்ஸ் கொடுத்த அரசாங்கத்துக்கே இல்லாத சந்தேகம் இவர்களுக்கு எதற்கு? இது செல்லுமா? நாளைக்கு நம்ம குமுளி, கம்பம் பக்கம் இப்படி ஒரு நர்ஸ் கிளினிக் வந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?" என்று கேட்கிறார். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். வைத்தியம் பார்க்க உரிமை உள்ளவருக்கு, அதற்குத் தன் பெயரில் காசு வாங்கும் உரிமையும் கூடவே வந்துவிடுமா? வராது. அங்கேயும் வராது, இங்கேயும் வராது. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. வண்டிப்பெரியாற்றுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கோட்டயத்தில் நர்சிங் படித்தேன். அமெரிக்காவில் பத்து வருஷம் வார்டு நர்ஸ், அப்புறம் மேல்படிப்பு, அப்புறம் ஒன்பது வருஷம் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர்க் கிளினிக்கில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர். இப்போது குமுளியில் இருக்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியின் ஒப்பந்தப் பட்டியலில், அதாவது நெட்வொர்க்கில், சேர்வதற்கான காகிதங்களை எனக்காகவும் கூட வேலை பார்த்த நர்ஸ்களுக்காகவும் நானே உட்கார்ந்து நிரப்பியிருக்கிறேன். ஆனால் நான் வக்கீல் இல்லை. சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல முடியும். உங்கள் தங்கச்சியின் வழக்கு நிற்குமா என்று சொல்ல அந்த மாநிலத்து வக்கீல்தான் வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்கு முதல் பாடம் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடைத்தது. டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள், வியாழக்கிழமை, ஜீப்பில் வருவார். மற்ற நாளெல்லாம் சிஸ்டர்தான். கவாத்துக் கத்தி பட்ட விரலுக்குத் தையல் போடுவார். அட்டை கடித்து ரத்தம் நிற்காத காலைக் கட்டுவார். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரஷர் பார்த்துவிட்டு, "இது இங்க சரிப்படாது, கோட்டயத்துக்குக் கொண்டு போங்க" என்று ஆபீசுக்கு ஆள் அனுப்பி வண்டி வரவழைப்பார். மலையாளி டாக்டர் "பனியுண்டோ?" என்று கேட்டால் எங்கள் பாட்டி ஜன்னலைப் பார்த்து, "ஆமாங்கய்யா, விடிஞ்சதிலிருந்து ஒரே பனி" என்பார். டாக்டர் கேட்டது காய்ச்சலை. நடுவில் நின்று இரண்டு பேருக்கும் புரிய வைப்பதும் சிஸ்டர்தான். அவர் மேசையில் நீளமான ஒரு பதிவேடு இருக்கும். தேதி, தொழிலாளியின் செக்ரோல் நம்பர், பெயர், நோய், மருந்து என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதுவார். கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். வியாழக்கிழமை டாக்டர் வந்து அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழாக மளமளவென்று கையெழுத்துப் போடுவார். பதிவேட்டைப் புரட்டுகிறவருக்கு அந்த வாரம் முழுக்க வைத்தியம் பார்த்தவர் டாக்டர். சிஸ்டர் பெயர் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

அதே கடைசிக் கட்டத்தை அமெரிக்காவிலும் பார்த்தேன். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு அங்கே 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கியது. படிப்பு வந்த வேகத்தில் பணம் வரவில்லை. முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர், எந்த ஊரில் வேலை செய்தாலும் நர்ஸ் பிராக்டிஷனர் தன் பெயரில் பில் போடலாம் என்று ஒப்புக்கொண்டது 1997-இல் வந்த சட்டத்தால். நடைமுறைக்கு வந்தது 1998 ஜனவரி 1. அதற்கு முன்பு சில கிராமப்புறங்கள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள் என்று அங்கங்கே மட்டும்தான். அப்படிக் கொடுத்ததும் டாக்டருக்குக் கொடுப்பதில் 85 சதவீதம். டாக்டருக்கு 100 டாலர் என்று வைத்திருக்கும் வேலையை நர்ஸ் பிராக்டிஷனர் செய்தால் 85 டாலர். அதில் 68 மெடிகேரும் 17 நோயாளியும் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. டாக்டர் முதலில் நோயாளியைப் பார்த்துச் சிகிச்சைத் திட்டம் போட்டிருந்து, அதன் தொடர்ச்சியாக நர்ஸ் பார்த்தால், டாக்டர் உடனே கிடைக்கிற மேற்பார்வையில் இருக்கும் பட்சத்தில், டாக்டரின் நம்பரிலேயே பில் போடலாம். அப்போது முழு 100. இதற்கு "இன்சிடென்ட் டு" என்று பெயர். விதி கண்டிப்பானது, நோயாளி புதுத் தொந்தரவு ஒன்றைச் சொன்னால் அதற்கு இது செல்லாது, தெரிந்தே போட்டால் மோசடி வழக்கு வரும். ஆனாலும் 15 டாலர் வித்தியாசம் சும்மாவா? பல கிளினிக்குகள் முடிந்த இடத்திலெல்லாம் டாக்டர் நம்பரையே போடுகின்றன. இதனால் வருகிற கெடுதல் பணத்தோடு நிற்பதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியின் கணக்கில் அந்த நர்ஸ் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்ததாக இருக்காது. அப்புறம் அவர் தன் பெயரில் ஒப்பந்தம் கேட்டு வரும்போது, "நர்ஸ்கள் எப்படி வைத்தியம் பார்க்கிறார்கள் என்பதற்கு எங்களிடம் தகவல் இல்லையே" என்று அதே கம்பெனி சொல்லும். எனக்கே ஒரு கம்பெனியில் போனில் இப்படிச் சொன்னார்கள். எங்கள் தோட்டத்துப் பதிவேடுதான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, நெட்வொர்க் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் "நெட்வொர்க்கில் இருக்கிறோம்" என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று படி இருக்கிறது. படிப்பு, லைசென்ஸ், சான்றிதழ், பழைய வழக்குகள் எல்லாவற்றையும் கம்பெனி சரிபார்ப்பது முதல் படி. அதை கிரெடென்ஷியலிங் என்பார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, இன்ன வேலைக்கு இவ்வளவு கூலி என்று முடிவாவது இரண்டாவது. மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாமல் போவது. சில பாலிசிகளில் ஒவ்வொரு உறுப்பினரும் தனக்கென்று ஒரு முதன்மை மருத்துவரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். நர்ஸ் பிராக்டிஷனர் முதல் இரண்டு படியைத் தாண்டியிருந்தாலும், "முதன்மை மருத்துவர்" என்ற பட்டியலில் கம்பெனி அவரை வைக்காவிட்டால் யாரும் அவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒப்பந்தம் கையில் இருக்கும், வாசலில் ஆள் இருக்காது. உங்கள் தங்கச்சி கம்பெனியோடு பேசும்போது இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இப்போது சட்டம். உறுதியாகச் சொல்லக்கூடியது இது. 2010-இல் ஒபாமா காலத்தில் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் 2706 என்ற பிரிவு இருக்கிறது. லைசென்ஸ் அனுமதிக்கும் எல்லைக்குள் வேலை செய்கிற எந்த மருத்துவப் பணியாளரையும், நெட்வொர்க்கில் சேர்ப்பதிலோ காப்பீடு தருவதிலோ இன்சூரன்ஸ் கம்பெனி பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 2014-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. படித்தவுடன் "அப்படியானால் ஜெயித்துவிட்டோம்" என்று தோன்றும். அடுத்த வரியைப் படிக்க வேண்டும். கேட்டு வருகிற எல்லாரோடும் ஒப்பந்தம் போட வேண்டும் என்று கட்டாயமில்லை என்றும், தரத்தையும் செயல்பாட்டையும் வைத்துக் கூலியில் வித்தியாசம் வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது, "எங்களுக்கு ஆள் போதும்" என்று கம்பெனி சொல்லலாம். "நீ நர்ஸ், அதனால் வேண்டாம்" என்று சொல்வதுதான் சிக்கல். இந்தப் பிரிவை எப்படி அமல்படுத்துவது என்று 2022 ஜனவரி 1-க்குள் வரைவு விதி கொண்டுவரச் சொல்லி இன்னொரு சட்டம் உத்தரவிட்டது. அந்தத் தேதி விதி வராமலே கடந்துபோனது. இதைக் கண்காணிக்கிற பொறுப்பு முதலில் அந்தந்த மாநில இன்சூரன்ஸ் துறையிடம்தான் இருக்கிறது.

உங்கள் தங்கச்சிக்கு வந்த கடிதத்தில் "மேற்பார்வை டாக்டர்" என்று கேட்டிருப்பதால், எந்த மாநிலம் என்பது பெரிய வித்தியாசம். நான் இருந்த நியூ மெக்ஸிகோ, அரிசோனா, ஓரிகன் மாதிரி மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனருக்கு மேற்பார்வை டாக்டர் வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் இப்போது இந்தப் பக்கம் வந்துவிட்டன. டெக்சாஸ், ஜார்ஜியா மாதிரி மாநிலங்களில் டாக்டரோடு எழுத்து மூலம் உடன்படிக்கை இல்லாமல் மருந்து எழுத முடியாது. டெக்சாஸில் கிளினிக் என்றால் கம்பெனி அந்தப் பெயரைக் கேட்பதில் தப்புச் சொல்ல முடியாது. பெயரைக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தைத் தன் பெயரில் கேட்க வேண்டும். நியூ மெக்ஸிகோவில் கேட்டால், சட்டம் கேட்காத ஒன்றைக் கம்பெனி ஏன் கேட்கிறது என்று எழுத்தில் விளக்கம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

நர்ஸ் பார்க்கிற வைத்தியம் டாக்டர் பார்ப்பதற்கு ஈடாகுமா என்ற கேள்வி இதற்கெல்லாம் அடியில் இருக்கிறது, மழுப்பாமல் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைச் சீட்டுப் போட்டது போலப் பிரித்து, சிலரை நர்ஸ் பிராக்டிஷனரிடமும் சிலரை டாக்டரிடமும் அனுப்பிப் பார்த்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் உடல்நிலை ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. 2018-இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு இப்படிப்பட்ட 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, முதல்நிலை வைத்தியத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ்களின் பலன் டாக்டர்களுக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ இருக்கலாம் என்று சொன்னது. நர்ஸ்கள் ஒரு நோயாளியிடம் கூடுதல் நேரம் செலவிடுகிறார்கள் என்பதும் அதில் வந்தது. என் அனுபவமும் இதுதான். ஆனால் இந்த ஆய்வுகள் பெரும்பாலும் பணக்கார நாடுகளில், சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா மாதிரித் தொடர்ந்து பார்க்க வேண்டிய நோய்களிலும் சாதாரண நோய்களிலும் செய்தவை. பலவும் குறுகிய காலம். இவற்றை வைத்துக்கொண்டு சிக்கலான, என்ன நோய் என்றே பிடிபடாத கேஸிலும் அப்படித்தான் என்று சொன்னால் அது சான்றைத் தாண்டிப் பேசுவது. நானும் அப்படிப்பட்டவர்களை டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். அனுப்பத் தெரிவதும் படிப்பில் ஒரு பாகம். 85 சதவீதம் நியாயமா என்பதிலும் இரண்டு கருத்து உண்டு. படிப்புக்காலம் குறைவு, அதனால் கூலியும் குறைவு என்பார்கள். வேலை ஒன்று, வாடகை ஒன்று, பொறுப்பும் ஒன்று என்பது என் பக்கம். மருத்துவச்சி நர்ஸ்களுக்கு 65 சதவீதமாக இருந்ததை மெடிகேர் 2011-இல் முழுக் கூலியாக்கியது. அதனால் 85 மாறவே முடியாத எண் என்று நான் நினைக்கவில்லை.

நம்ம பக்கத்துக்கு வருகிறேன். குமுளியிலோ கம்பத்திலோ ஒரு நர்ஸ் தனியாகக் கிளினிக் வைத்தால் காப்பீடு கிடைக்குமா என்றால், இன்றைய நிலையில் இல்லை. அதற்குக் காரணம் நர்ஸ் மேல் அவநம்பிக்கை என்பதற்கு முன்னால், நம் காப்பீட்டின் அமைப்பே வேறு. நம் பாலிசியை எடுத்துப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வரையறைகளைப் படித்துப் பாருங்கள். மருத்துவமனை என்றால், பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, மற்ற இடத்தில் 15 படுக்கை, இருபத்து நாலு மணி நேரமும் டாக்டரும் நர்ஸும் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். வைத்தியர் என்றால், மருத்துவக் கவுன்சிலிலோ ஆயுர்வேத, சித்த, ஹோமியோபதிக் கவுன்சில்களிலோ பதிவு பெற்றவர். நர்ஸிங் கவுன்சில் அந்த வரியில் இல்லை. நம் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் கண் விழிக்கிறது. 2018-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை என்றாலும், அது சேர்க்கைக்கும், அதற்கு மூன்று நாள் முன்பும் பதினைந்து நாள் பின்பும் ஆகும் செலவுக்கும்தான். நர்ஸ் பிராக்டிஷனர் செய்கிற வேலையோ படுக்கை வரைக்கும் போகாமல் தடுப்பது. பிரஷர் மாத்திரையைச் சரிபார்ப்பதற்கும் சர்க்கரைக்காரரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்ப்பதற்கும் டாக்டர் செய்தாலே நம் காப்பீட்டில் பெரும்பாலும் காசு கிடையாது. வெளிநோயாளிச் செலவுக்குக் காப்பீடு பரவலாக வராத வரைக்கும் நர்ஸைப் பட்டியலில் சேர்ப்பது என்ற பேச்சுக்கே இடம் வராது.

அதற்காக இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை, இரண்டு வருஷ மேற்படிப்பாக, இந்திய நர்ஸிங் கவுன்சில் கொண்டுவந்தது. பிரசவம் பார்க்கும் நர்ஸ்களுக்கு 18 மாதப் பயிற்சிக்கான வழிகாட்டல் 2018-இல் வந்தது. 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, டாக்டர் அல்லாத சிலருக்கு முதல்நிலை வைத்தியத்தில் குறிப்பிட்ட மருந்துகளைத் தாங்களாகவே எழுத அளவான உரிமம் கொடுக்கலாம் என்கிறது. நர்ஸிங் தொழிலுக்கென்று தனி ஆணையச் சட்டம் 2023-இல் வந்தது. மலைக்கு மேலே கேரளத் துணை சுகாதார நிலையங்களிலும், கீழே தமிழ்நாட்டில் வீடு தேடிப் போகும் மருத்துவத் திட்டத்திலும், இடைநிலைச் சுகாதாரப் பணியாளர் என்ற பெயரில் நர்ஸ்கள்தான் பிரஷர், சர்க்கரை பார்த்து மருந்து கொடுக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது மாதச் சம்பளம். காப்பீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வைத்தியம் பார்க்கும் கதவு இங்கே கொஞ்சம் திறந்திருக்கிறது, காசு வரும் கதவு இன்னும் சுவராகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு பிரஷர் மாத்திரை மாற்றுவதற்குக் கோட்டயத்துக்கோ, மலை இறங்கி க.விலக்கு ஆஸ்பத்திரிக்கோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகும்போது எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

இனி உங்கள் தங்கச்சி செய்ய வேண்டியது. முதலில் மெடிகேரிலும், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மாநில மெடிகெய்டிலும் தன் பெயரில், மருத்துவப் பணியாளருக்குக் கொடுக்கும் தன் பத்து இலக்க அடையாள நம்பரில் பதிவு செய்யட்டும். தனியார் கம்பெனிகளை விட இவை எளிது, பின்னால் தனியாரிடம் காட்டவும் உதவும். பெரும்பாலான கம்பெனிகள் பார்க்கிற பொதுத் தகவல் தளம் CAQH என்று ஒன்று இருக்கிறது. அதில் விவரங்களை 120 நாளுக்கு ஒரு முறை "சரிதான்" என்று உறுதி செய்யாவிட்டால் விண்ணப்பம் அப்படியே தூங்கும். தனியார் கம்பெனியில் மூன்று நாலு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு வாடகைக்குக் காசு ஒதுக்க வேண்டும். மெடிகேர் 30 நாள் வரை பின்தேதியிட்டுத் தரும். தனியார் கம்பெனிகள் பொதுவாக ஒப்பந்தத் தேதிக்கு முன் பார்த்த நோயாளிக்குத் தருவதில்லை.

மறுத்த கம்பெனிக்கு மறுபடி எழுதும்போது, எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று தொடங்க வேண்டாம். உங்கள் உறுப்பினர்களுக்கு இங்கே ஆள் இல்லை என்று காட்ட வேண்டும். எனக்கு ஒரு கம்பெனி, "அந்த ஊரில் எங்கள் பட்டியல் நிறைந்துவிட்டது" என்று எழுதியது. அந்தப் பட்டியலில் ஆறு பெயர் இருந்தது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஆறு பேருக்கும் போன் செய்தேன். ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஒருவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மூன்று பேர் புது நோயாளி எடுப்பதில்லை. மிச்சமிருந்த ஒருவர் ஏழு வாரம் கழித்துத்தான் நேரம் கொடுத்தார். தேதி, நேரம், பேசியவர் சொன்ன பதில் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, எங்கள் கிளினிக்கில் ஸ்பானிஷ் பேசும் நர்ஸ் இருக்கிறார் என்பதையும் சேர்த்து, கம்பெனிக்கு ஒன்று, மாநில இன்சூரன்ஸ் துறைக்கு ஒன்று அனுப்பினேன். நாலு மாதத்தில் ஒப்பந்தம் வந்தது. சட்டப் பிரிவு ஒரு வரியில் இருந்தது. வேலை செய்தது அந்தப் போன் பட்டியல் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் தங்கச்சி எந்த மாநிலம் என்று கீழே எழுதினால், அந்த மாநில விதியைப் பார்த்து இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.

ஒப்பந்தம் வந்த பிறகு பட்டியலில் பெயர் ஏறிய அன்றே, நோயாளி மாதிரி அந்த நம்பருக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டியலை 90 நாளுக்கு ஒரு முறையாவது சரிபார்க்க வேண்டும் என்று இப்போது கம்பெனிகளுக்குச் சட்டமே இருக்கிறது, ஆனாலும் நம்பக் கூடாது. என் பெயர் முதன்முதலாக வந்தபோது எழுத்துப்பிழை இல்லாமல் சரியாகத்தான் வந்தது. பக்கத்தில் இருந்த போன் நம்பர் மட்டும் அந்த ஓய்வு பெற்ற டாக்டருடையது. இரண்டு மாதம் எனக்கு வந்த அழைப்பெல்லாம் பூட்டிய ஒரு அறையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.